மூன்று சுப்ஹானல்லாஹ் நேரம்

லீட்ஸ், இங்கிலாந்து
03.02.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? மச்சானுக்கு இரத்தத்தில் சீனி குறைந்திருக்கிறதா? இங்கே பனி கொட்டுகிறது. நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டைக்குள் என்னைப் போல் இரண்டு பேர் இருக்கலாம். ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

ஓர் உதவி வேண்டும். நான் ஆராய்ச்சி செய்வது கல்வி உளவியலில் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஊரெல்லாம் நான் டொக்டருக்குப் படிப்பதாகச் சொல்லிவைத்திருப்பது எனக்கும் தெரியும். போன மாதம் கற்பிட்டியிலிருந்து ஒருவர் தன் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு எழுதியிருந்தார். ராத்தா, நான் பார்ப்பது நோயாளிகளை அல்ல, வகுப்பறைகளை. எப்படிப் படிப்பித்தால் பிள்ளைகளுக்கு உண்மையாகவே விளங்குகிறது என்பதுதான் என் வேலை. அதிலும் நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னத் துண்டு. ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு, பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்?

நான் இதுவரை அளந்த வகுப்புகளில் ஒரு விநாடிகூட இல்லை. பிள்ளை யோசிக்கத் தொடங்குமுன் ஆசிரியர் அடுத்த பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி காத்திருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு நீங்களும் மற்றதற்குப் பவுலினா ரீச்சரும் விஞ்ஞானம் எடுக்கிறீர்கள். ஒரே பாடம், ஒரே கேள்விகள். கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஸ்டொப் வொச், ஒலிப்பதிவுக் கருவி, நிரப்ப வேண்டிய படிவங்கள் எல்லாம் பார்சலில் வருகின்றன. படிவங்கள் தபாலில்தான் எனக்கு வந்துசேர வேண்டும். அவற்றோடு நாலு வரி கடிதமும் எழுதினால் சந்தோஷப்படுவேன். நவம்பர் முடிவில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

மச்சானுக்கு ஸலாம். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றிஸ்மியா


கற்பிட்டி
24.02.2013

அன்பின் தங்கச்சி றிஸ்மியாவுக்கு ராத்தா எழுதிக்கொள்வது,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ சுகமா? எங்கே சுகம், நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இல்லை. அந்த ஊரில் அரிசி கிடைக்காதா? கிடைக்கும், நீதான் ஆக்கமாட்டாய். என் கால் பரவாயில்லை. மச்சானுக்குச் சீனி குறையவில்லை. அவரைக் கேட்டால் குறைந்துவிட்டது என்பார், அதனால் கேட்பதில்லை.

கடிதம் எழுதச் சொன்னது நல்லது. போனில் நீ 'ம்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

பார்சல் வந்தது. பள்ளிக்கூடமே வந்து பார்த்தது. எங்கள் அதிபர் அபூசாலி சேர் ஸ்டொப் வொச்சைக் கையில் எடுத்தார், பிறகு வைக்கவேயில்லை. பதினெட்டாம் திகதி பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயம் முடியுமட்டும் வெயிலில் நின்றார். இப்போது கேட்டால் காரியாலய அலுமாரியில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறதாம், அலுமாரித் திறப்புத்தான் காணவில்லையாம்.

அதற்காக ஆராய்ச்சியை நிறுத்த முடியுமா? முடியாது. மூன்று விநாடி என்றால் என்ன, மூன்று சுப்ஹானல்லாஹ். கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று தடவை ஓதிக்கொள்கிறேன். நேரமும் தெரியும், நன்மையும் சேரும். பவுலினாவும் ஏதோ கணக்கு வைத்திருக்கிறாள், நான் விசாரிக்கவில்லை. முதல் படிவங்களும் ஒலிப்பதிவுச் சிப்பும் இதோடு வருகின்றன.

முக்கியமான விஷயம் இனித்தான். புத்தளத்தில் புதிதாக ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையம் திறக்கப்போகிறார்கள். அங்கே உளவியல் படிப்பிக்க ஆள் தேவையாம். உன் படிப்பும் வருட முடிவில் முடிகிறது. அல்லாஹ் பார்த்து வைத்ததுபோல இருக்கிறது. நீ வருவாயா? வராமல் என்ன செய்யப்போகிறாய். விண்ணப்பப் படிவத்துக்கு ஆள் விட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ராத்தா,
உம்மு குல்சூம்


லீட்ஸ்
20.03.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்தானே? படிவங்கள் வந்தன. படிவங்களுக்குள் சுற்றி வைத்த நெத்தலிக் கருவாடும் வந்தது. கருவாட்டு மணம் படிவங்களில் ஏறி, படிவங்களிலிருந்து எங்கள் அறைக்கு ஏறிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் குளிரில் கோட்டோடு இருக்கிறார்.

ஒலிப்பதிவை நான்கு முறை கேட்டேன். நாற்பது நிமிடப் பாடத்தில் நாற்பத்தொரு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தெட்டுக்கு நீங்களே பதில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கு அபூசாலி சேர் வெளியே விறாந்தையில் நின்று பதில் சொல்கிறார். மிச்சம் ஒன்றுக்கு மணி அடித்துவிட்டது. ஓர் இடத்தை அப்படியே எழுதுகிறேன்:

“கடல் தண்ணி ஏன் உப்பா இரிக்கு? யாரு சொல்லுவீங்க? ஆ, ஆறெல்லாம் மண்ணுல உள்ள உப்பக் கரைச்சிக் கொண்டுவந்து கடல்ல சேர்க்கிது. விளங்கிச்சா? விளங்கிச்சி.”

அந்த 'விளங்கிச்சி'யும் உங்கள் குரல்தான், ராத்தா. உங்கள் மூன்று சுப்ஹானல்லாஹ்வை அளந்து பார்த்தேன். முக்கால் விநாடி.

பவுலினா ரீச்சரின் பதிவு வேறு மாதிரி. கேள்வி கேட்கிறார், பிறகு சத்தமே இல்லை. கருவி நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு காகம் கத்துவது கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் பன்னிரண்டு விநாடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் மூன்றுதானே கேட்டேன்? அவர் எதை வைத்து அளக்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள்.

புத்தளத்து வேலையைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

மச்சானைச் சீனிக்கு மருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
றிஸ்மியா


கற்பிட்டி
12.04.2013

அன்பின் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். நீ சுகமென்று எழுதவில்லை, ஆனாலும் சுகமாகத்தான் இருப்பாய்.

முக்கால் விநாடி என்று எழுதியிருக்கிறாய். இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவளுக்கு எழுதுகிற எழுத்தா அது? எனக்குக் கோபமா? கோபம்தான். இரண்டு நாள் உன் கடிதத்தை அலுமாரிக்கு மேலே எறிந்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பவுலினாவை விசாரித்தேன். அவளை உனக்கு நினைவிருக்கும், சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவள்.

“கேள்வியைக் கேட்டுப்போட்டு மனசுக்குள்ள ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுறனான், ரீச்சர்,” என்றாள்.

“முழுசாவா?”

“பாதியில விட்டா மாதாவுக்கு மரியாதையில்லைத்தானே.”

இதுதான் உன் பன்னிரண்டு விநாடி. இதை உன் பேராசிரியரிடம் எப்படிச் சொல்லப்போகிறாயோ, அது உன் பாடு.

என்னுடைய சுப்ஹானல்லாஹ் அவ்வளவு வேகமா என்று வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். “இண்டைக்கு என்ன கறி ஆக்க?” என்று மச்சானைக் கேட்டுவிட்டு, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை ஓதினேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. இருபத்தாறு வருடத்தில் நான் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றதை அவர் கண்டதில்லை. மூன்றாவது சுப்ஹானல்லாஹ்வில் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“நான் ஒண்டும் ஒளிக்கல்ல, புள்ள. குடைய பஸ்ஸுல உட்டுட்டேன். போன மாசமே உட்டுட்டேன்.”

கறி என்ன என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் நானே நிரப்பினேன், உனக்கு வேலை வைக்கவில்லை. 'இப்பதவியை ஏன் விரும்புகிறீர்?' என்று கேட்டிருந்தார்கள். 'சொந்த மண்ணில் என் ராத்தாவுடன் இருந்து சேவை செய்வதற்கு' என்று எழுதினேன். நீ வேறென்ன எழுதியிருப்பாய்? அதையேதான். கையெழுத்தையும் போட்டேன். உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான், யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது.

பதில் போடு. நல்ல பதிலாகத்தான் இருக்கும்.

ராத்தா


லீட்ஸ்
02.05.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன், இம்முறை நானே எழுதுகிறேன்.

பவுலினா ரீச்சரின் அளவு பற்றி என் பேராசிரியர் மார்த்தாவிடம் சொன்னேன். ஆராய்ச்சி பாழாகிவிட்டது என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் ஜெபத்தை முழுவதும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார், கேட்டுவிட்டு எழும்பி அறைக்குள் இரண்டு சுற்று நடந்தார். இரண்டு வகுப்பிலும் மூன்று விநாடி இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியவந்திருக்காது, ஒன்றில் முக்காலும் மற்றதில் பன்னிரண்டும் இருப்பதுதான் நல்லது, அப்படியே போகட்டும் என்றார். ஆகவே பவுலினா ரீச்சர் ஜெபத்தைக் குறைக்க வேண்டாம். நீங்கள் மட்டும் ஒவ்வொரு சுப்ஹானல்லாஹ்வுக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுங்கள். உங்கள் வகுப்பில் அதற்குப் பிறகு என்ன மாறுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

குடை போனதற்கு மச்சானைப் பேசாதீர்கள். இரண்டு குடை வாங்கி அனுப்புகிறேன்.

மார்த்தா வேறொரு விஷயமும் கேட்டார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். விண்ணப்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேனே.

றிஸ்மியா


கற்பிட்டி
09.06.2013

அன்பின் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். குடைகள் வந்தன. ஒன்றை மச்சான் பஸ்ஸுக்குக் கொண்டுபோவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். மற்றதை இன்னும் பிரிக்கவில்லை.

மூச்சு எடுத்து ஓதுகிறேன். வகுப்பில் முதல் நாள் பிள்ளைகள் பயந்துபோனார்கள். “டீச்சருக்கு மயக்கம் வருதா?” என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். இப்போது பழகிவிட்டார்கள். காத்திருப்பது ஒரு பொல்லாத ஆயுதம். போன கிழமை ஆசிரியர் கூட்டத்தில், “சேர், ஸ்டொப் வொச் எங்க?” என்று அபூசாலி சேரைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் அலுமாரி என்று தொடங்கினார், திறப்பு என்றார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஓதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வீட்டில் முட்டை அவிக்கப் பாவிக்கிறாராம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நஃபீஸா என்று ஒரு பிள்ளை. வாப்பா உப்பளத்தில் வேலை. போன வருடம் முழுக்க என் வகுப்பில் இருந்தாள், ஒரு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. 'பாடத்தில் கவனம் போதாது' என்று அறிக்கையில் நான்தான் எழுதினேன். இந்த வருடம் பவுலினாவின் பிரிவு. போன செவ்வாய் நான் விறாந்தையால் போகும்போது பவுலினா, பாத்தியில் கட்டிய கடல் தண்ணீர் உப்பாவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடாத குறையாக நிற்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை, வெயில் என்று வெளியிலிருந்தே சொல்லப்போனேன். அப்போது நஃபீஸா எழும்பினாள்.

“வெயில் மட்டும் காணாது, டீச்சர். காத்தும் வேணும். காத்து நிண்டா உப்பு பூக்காது. எங்க வாப்பா காலத்தால எழும்பி வெயிலப் பாக்கமாட்டாரு, காத்தத்தான் பாப்பாரு.”

அந்தப் பிள்ளை பதினோராவது விநாடியில் எழும்பியிருக்கும். என் வகுப்பென்றால் அதற்குள் நான் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். பொறாமையாக இருந்தது, றிஸ்மியா. பிறகு வெட்கமாகவும் இருந்தது.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். புத்தளத்திலிருந்து உனக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பர் இருபதாம் திகதி. சந்தோஷமா? சந்தோஷம்தான். முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. உனக்கென்று மேசையும் அலுமாரியும் போட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் ஜன்னல் பிடிக்கும் உனக்கு? கடல் பக்கம்.

டிக்கட் போட்டுவிட்டு எழுது.

ராத்தா


கற்பிட்டி
18.08.2013

றிஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் போய்ப் பெருநாளும் போய்விட்டது. நான் எழுதி இரண்டு மாதத்துக்கு மேலாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெருநாளன்று போனில் ஸலாம் சொன்னாய், நான் அறையைப் பற்றியும் நேர்முகத்தைப் பற்றியும் அரை மணித்தியாலம் பேசினேன், 'ம்' என்றாய், வைத்துவிட்டாய். தபாற்காரரைக் கேட்டுக் கேட்டு அவர் இப்போது எங்கள் தெருவுக்கு வராமல் பின்பக்கத்தால் போகிறார்.

தலவிலத் தேவாலயத் திருநாளுக்குப் போய்வந்த பவுலினா மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்தாள். அவளிடம் உன்னைப் பற்றிக் குறை சொன்னேன்.

“தங்கச்சியிட்ட வர விருப்பமோ எண்டு கேட்டனீங்களே, ரீச்சர்?”

“கேட்டேனே. முதல் கடிதத்திலேயே கேட்டேன்.”

“பிறகு?”

“பிறகென்ன, வராம என்ன செய்யப்போறா எண்டும் எழுதினேன்.”

பவுலினா மஸ்கட்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஓர் அருள் நிறைந்த மரியே முழுதாகப் போயிருக்கும். அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விண்ணப்பத்தில் நான் போட்ட உன் கையெழுத்து, சுண்ணாம்பு அடித்த அறை, கடல் பக்கத்து ஜன்னல், எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. கையிலிருந்த மஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன்.

மச்சானிடம் சொன்னேன். “ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கணும்,” என்றார். இதை எத்தனை வருடமாகச் சொல்லக் காத்திருந்தாரோ தெரியாது, சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விட்டார்.

ஆகவே இப்போது கேட்கிறேன்.

நீ இங்கே வர விரும்புகிறாயா?

இதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கை துடிக்கிறது, ஆனாலும் எழுதமாட்டேன்.





ராத்தா


லீட்ஸ்
01.09.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு சுகம். மனம்தான் இத்தனை நாளும் சுகமில்லை.

அந்த அரைப் பக்கத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர், என்ன, வெறும் தாளைப் பார்த்து அழுகிறாய் என்று கேட்டார். எங்கள் ராத்தா எழுதியதிலேயே நீளமான கடிதம் இதுதான் என்று அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

ஏப்ரல் முடிவில் மார்த்தா என்னிடம் கேட்டது இதுதான். இங்கே மூன்று வருடம் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து இந்த வேலையைத் தொடர முடியுமா என்று. எனக்கு அதைச் செய்ய ஆசையாக இருந்தது, ராத்தா. அன்றைக்கே உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் உங்கள் கடிதம் முன்னால் வந்துவிடும், அதில் என் பதிலும் இருக்கும். அதை வாசித்தால் என்னுடைய பதில் பிழை போலத் தோன்றும்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. உம்மா மௌத்தான வருடம், எனக்கு ஐந்து வயது. காய்ச்சல் என்று டொக்டரிடம் கூட்டிப்போனீர்கள். அவர் என்னைப் பார்த்து, எங்கே வலிக்குது, மகள் என்று கேட்டார். 'வயிறு, டொக்டர்' என்று நீங்கள் சொன்னீர்கள். ஒரு கிழமை வயிற்றுக்குக் கசப்பு மருந்து குடித்தேன். எனக்குக் காதுதான் வலித்தது.

கோபத்தில் இதை எழுதவில்லை. உங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. உம்மா இல்லாத வீட்டில் எல்லாக் கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, வேறு யார் இருந்தார்கள்? ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று ஒருத்தி ஒன்பது வருடம் படிப்பதென்றால், அதற்கு எங்கேயாவது ஒரு தொடக்கம் இருக்கத்தானே வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை, ராத்தா. இப்போது வர விருப்பமில்லை. உங்களைப் பார்க்க ஆசை, விடுமுறைக்கு வருவேன், அந்த அறையில் படுப்பேன். ஆனால் அந்த வேலைக்கு வரமாட்டேன்.

எழுதிவிட்டேன்.

இனி என் முறை. உங்களை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வாப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, மச்சானுக்குக் கேட்க நீங்கள் இடம் கொடுத்திருக்கமாட்டீர்கள். உங்களுக்கு, உங்களுக்கென்று மட்டும், என்ன செய்ய விருப்பம்? மூன்று சுப்ஹானல்லாஹ்வில் பதில் எழுதக்கூடாது.

உங்கள்,
றிஸ்மியா


கற்பிட்டி
23.09.2013

அன்பின் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை வாசித்து அழுதேன். வராததற்கும் அழுதேன், காதுக்கும் அழுதேன். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மச்சான் பயந்துபோய்ப் புதுக் குடையும் தொலைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

இருபதாம் திகதி நானே பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போனேன். நீ வரமாட்டாய் என்று நேரில் சொல்வதுதான் மரியாதை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“பதிலெல்லாம் நல்லா எழுதியிருக்காங்களே.”

“ஓம், சேர். அதெல்லாம் என்ட பதில்.”

“அப்ப ஏன் அவங்க வரல்ல?”

என் வாய் திறந்துவிட்டது. 'அவளுக்கு' என்று தொடங்கியும்விட்டேன். பிறகு மூடினேன். மூச்சு விட்டு மூன்று ஓதினேன். அந்த மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அத அவக்கிட்டத்தான் கேக்கணும், சேர்,” என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அது ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். முக்கால் விநாடியில் வந்த பதில். வெட்டிவிட்டேன். காத்திரு.

ராத்தா


லீட்ஸ்
27.11.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் சுகம்தானே?

இன்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். உங்களுடைய கடைசி ஒலிப்பதிவின் கணக்கு இது. நாற்பது நிமிடத்தில் பதினேழு கேள்விகள். பதினான்குக்குப் பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கு நீங்கள். ஒன்றுக்கு இன்னும் அபூசாலி சேர்தான், அவரைத் திருத்த ஆராய்ச்சியால் முடியாது. சராசரியாக நான்கு விநாடி காத்திருக்கிறீர்கள். பவுலினா ரீச்சருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். மாதாவுக்கும் சேர்த்து அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமாகப் பதிலைக் காணோம். அவசரப்படுத்தவில்லை. காத்திருக்கிறேன்.

றிஸ்மியா


கற்பிட்டி
15.12.2013

அன்பின் தங்கச்சி றிஸ்மியாவுக்கு ராத்தா எழுதிக்கொள்வது,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். மச்சானுக்குச் சீனி குறைந்திருக்கிறது. இம்முறை அவரைக் கேட்டேன், அவர் சொன்னார், கிளினிக் துண்டையும் காட்டினார்.

உன் கேள்வியோடு எண்பது நாளுக்கு மேல் திரிந்தேன். சமைக்கும்போது யோசித்தேன், தொழுதுவிட்டு இருந்து யோசித்தேன். அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேள், நூறு சொல்வேன். எனக்கு என்று வந்தால் மூளை கரும்பலகை துடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நஃபீஸாவை நினைத்துக்கொண்டேன். பாவம், ஒரு வருடம் முழுக்க இப்படித்தானே என் முன்னால் நின்றிருப்பாள்.

பிறகு ஒரு நாள் காலையில் ஒரு வான் நிறைய வெள்ளைக்காரர் டொல்பின் பார்க்கக் கடற்கரைக்குப் போவதைக் கண்டேன். சண்டை முடிந்ததிலிருந்து எங்கெங்கோ இருந்தெல்லாம் வருகிறார்கள். நாற்பத்தெட்டு வருடமாக இந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வகுப்பில் டொல்பின் பாலூட்டி என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு டொல்பினையும் நான் கண்டதில்லை. பதில் வந்துவிட்டது. சின்னப் பதில்தான், சிரிக்காதே.

மச்சானோடு சனிக்கிழமை போனேன். அல்பேட் என்கிறவரின் போட். செம்மஞ்சள் மிதப்புச் சட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள், அதற்குள் நான் முக்கால்வாசிதான் அடங்கினேன். அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர். பிறகு வந்தன, றிஸ்மியா. ஐம்பதா நூறா என்று எண்ண முடியவில்லை. போட்டுக்கு இரண்டு பக்கத்திலும் துள்ளித் துள்ளி வந்தன. ஒன்று தண்ணீருக்கு மேலே எழும்பிச் சுழன்று விழுந்தது. அதற்கு அப்படிச் செய்ய எந்தத் தேவையும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

நான் பேசாமல் இருந்ததைக் கண்டு அல்பேட் பயந்துவிட்டார்.

“அக்காவுக்குச் சுகமில்லையா? திருப்பவா?”

வழமையாக இதற்கு நான்தான் பதில் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார், நான் தொடங்கப்போகிறேனா என்று நன்றாகக் காத்திருந்து பார்த்தார். பிறகு அல்பேட்டிடம், “இல்ல தம்பி, அவ பாத்துக்கிட்டு இரிக்கா,” என்றார். இருபத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் பதில், அதுவும் சரியான பதில்.

அந்த அறையை அப்படியே வைத்திருக்கிறேன். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று நீ வந்து பார்த்துவிட்டுச் சொல்லு, தேவையென்றால் மேசையைத் திருப்பிப் போடலாம். அதுவரை நஃபீஸாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் பின்னேரத்தில் அங்கே வந்திருந்து படிக்கிறார்கள். நான் கேள்வி கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கிறேன். ஒரு வெங்காயம் உரித்து முடிய ஒரு பதில் வருகிறது.

கடைசியாக உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க இருபத்தொன்பது வருடம் பிந்திவிட்டது.

அன்றைக்கு உனக்கு எந்தக் காது வலித்தது, புள்ள?





ராத்தா